குட்டைக் கணவாய் எதை, எப்படித் தின்கிறது?

கடலடியில் வாழும் உயிரி என்றதும், சேற்றைக் கிளறி, அழுகிக் கிடப்பதைப் பொறுக்கித் தின்னும் ஒன்று என்றுதான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குட்டைக் கணவாய் விஷயத்தில் இந்த நினைப்பு தவறு. அது மணலுக்குள் கிடப்பது ஒளிந்துகொள்ள; தின்பதற்கு அல்ல. மணல் அதற்குப் படுக்கை மட்டும்தான். சாப்பாடு மணலுக்கு மேலே, உயிரோடு, அசைந்துகொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அதன் உணவுப் பழக்கத்தில் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

பெயரை முதலில் சரிசெய்துவிடுவோம். பாப்டெயில் கணவாய் என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் இவற்றை இங்கே குட்டைக் கணவாய் என்கிறோம். செபியோலிடே என்ற குடும்பம். சுமார் 70 இனங்கள். ஊசிக் கணவாய் போல நீண்ட உடல் கிடையாது. ஓட்டுக் கணவாய் போல உள்ளே தடித்த ஓடும் கிடையாது. உருண்டையான உடல்பை, பக்கத்துக்கு ஒன்றாகக் காது மடல் போன்ற இரண்டு துடுப்புகள், உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்கள். பெரும்பாலான இனங்களில் உடல்பை 1 முதல் 8 சென்டிமீட்டர் வரைதான். அதிகம் ஆராயப்பட்டது ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற மணல்வெளிகளில் வாழும் யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ். சுமார் 3 சென்டிமீட்டர். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் செபியோலா அட்லாண்டிகா, வட பசிபிக்கில் ராசியா பசிபிகா, தென் ஆஸ்திரேலியாவில் யூப்ரிம்னா டாஸ்மானிகா என்று உறவுக்காரர்கள் பலர். இதே குடும்பத்தில் ஹெட்டிரோட்யூதிஸ் போன்ற சில, தரையையே தொடாமல் நடுக்கடல் நீரில் மிதந்து வாழ்கின்றன. அவற்றின் கதை வேறு.

பகல் முழுக்கப் பட்டினி, இரவில் வேட்டை

பொழுது விடியும்போது குட்டைக் கணவாய் மணலுக்குள் இறங்குகிறது. இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் புனல் என்னும் தசைக் குழாய் வழியாக நீரை முன்னும் பின்னுமாகப் பீய்ச்சி, தனக்கு அடியில் ஒரு குழியைப் பறிக்கிறது. உடல் அதில் அமிழ்கிறது. பிறகு ஒரு சோடிக் கைகளை இருபுறமும் நீட்டி, சுற்றியிருக்கும் மணலை வாரி முதுகின் மேல் போட்டுக்கொள்கிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். மேலே தெரிவது அதிகபட்சம் கண் இருக்கும் இடத்தில் சின்ன மேடு.

யூப்ரிம்னா இனங்கள் இன்னொரு படி மேலே போகின்றன. தோலில் சுரக்கும் பசையால் மணல் துகள்களை உடலோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் மணலை விட்டு வெளியே வந்த பின்னும் மணல் சட்டையோடு உலவ முடிகிறது. ஆபத்து வந்தால் அந்தச் சட்டையை ஒரே நொடியில் உதறிவிட்டு, எதிரி அந்த மணல் படலத்தைப் பார்த்துக் குழம்பும் நேரத்தில் நழுவிவிடும்.

இருட்டியதும் வெளியே வருகிறது. ஏன் இரவு? அதன் இரைகளும் இரவில்தான் எழுந்து நடமாடுகின்றன என்பது ஒரு காரணம். பகலில் வெளியே வந்தால் மீன்களுக்கு அதுவே இரை என்பது அதைவிடப் பெரிய காரணம். எலும்பில்லாத, முள்ளில்லாத, மெதுவாக நீந்தும் ஒரு சின்னச் சதை உருண்டைக்கு வேறு வழி இல்லை. மணலில் கிடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது வந்தால் பாய்ந்து பிடிப்பதும் நடக்கும். ஆனால் வயிறு நிறைவது அந்த மாதிரி தற்செயலால் அல்ல, இரவு வேட்டையால்.

இரை யார்?

சுருக்கமாகச் சொன்னால், இறால் வகையறா. குறிப்பாக மைசிட் என்னும் மெல்லிய சின்ன இறால்கள், தரையோடு வாழும் சிறு இறால்கள், ஆழம் கூடிய இடங்களில் கிரில். சின்ன நண்டு, மீன் குஞ்சு, வாய்ப்புக் கிடைத்தால் தன்னைவிடச் சிறிய கணவாய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ராசியா பசிபிகா போன்ற சற்றுப் பெரிய இனங்களுக்கு நண்டும் மீனும் கூடுதலாகக் கிடைக்கும். பாசி, சேறு, செத்த சதை ஆகியவை பட்டியலில் இல்லை.

இறாலுக்கு ஏன் முதலிடம்? அளவு தோதாக இருக்கிறது, ஓடு மெல்லியது, உள்ளே சதை நிறைவாக இருக்கிறது. கணவாய்கள் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளும் விலங்குகள் அல்ல. புரதத்தைத் தின்று, அதையே எரித்து, அதையே உடலாகக் கட்டுகின்றன. குட்டைக் கணவாய் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, செத்துவிடும் உயிர். அந்த அவசரத்துக்கு ஏற்ற தீனி இறால்.

பார்ப்பது, குறிவைப்பது, வீசுவது

வேட்டை கண்ணில் தொடங்குகிறது. கணவாய் இனங்களில் பெரும்பாலானவற்றின் விழித்திரையில் ஒளியை உணரும் நிறமி ஒன்றே ஒன்றுதான். நாம் பார்ப்பது போல அவற்றுக்கு நிறம் தெரியாது. அதற்கு ஈடாக வேறொன்று இருக்கிறது: தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை, பிரித்தறியும் திறன். கண்ணாடி போன்ற ஒரு மிதவையுயிர் நமக்குக் கண்ணில் படாது. ஆனால் அதன் உடல் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் திசை மாறுவதைக் கணவாய்க் கண் கவனித்துவிடும். ஊசிக் கணவாய் ஒன்றில் இந்தத் திறன் இரை பிடிக்க உதவுகிறது என்பதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரையைக் கண்டதும் நடப்பதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ஓட்டுக் கணவாயை வைத்து 1960-களில் விவரிக்கப்பட்ட முறை இது. குட்டைக் கணவாயும் இதே பாணிதான். முதல் கட்டம் கவனிப்பு: உடல் நிறம் மாறும், தலை இரையை நோக்கித் திரும்பும், இரண்டு கண்களும் முன்னோக்கி ஒரே புள்ளியில் குவியும். இரண்டாவது கட்டம் இடம்பிடிப்பு: துடுப்பை மெல்ல அசைத்து முன்னேயோ பின்னேயோ நகர்ந்து, வீச்சுக்குத் தோதான தூரத்தில் நிற்கும். கைகள் கூம்பாகக் குவிந்திருக்கும். மூன்றாவது கட்டம் வீச்சு.

இதில் அவசரப்படுவது இரண்டாவது கட்டம் அல்ல. தூரம் தவறினால் வீச்சு வீண், இறால் வாலைச் சுண்டிப் பறந்துவிடும் என்பதால் அளவெடுப்பதற்கு அது நேரம் எடுத்துக்கொள்கிறது. கவனித்துப் பார்ப்பவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான்.

வீசுவது எதை? குட்டைக் கணவாய்க்கு எட்டுக் கைகள் உண்டு. அவை எப்போதும் வெளியே தெரியும். அவை தவிர இரண்டு பற்றுக்கைகள் உண்டு. அவை ஓய்வில் உள்ளே ஒடுங்கி மறைந்திருக்கும். அதனால்தான் முதன்முறை பார்ப்பவர்கள் எட்டுக் கைகளை எண்ணிவிட்டு ஆக்டோபஸ் குஞ்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பற்றுக்கையின் நுனி மட்டும் அகன்று, அங்கே உறிஞ்சிகள் நெருக்கமாக இருக்கும். நடுத்தண்டு வெறும் கயிறு போல.

எலும்பே இல்லாத ஒரு கயிறு எப்படி ஈட்டி போலப் பாய்கிறது? தசையின் கன அளவு மாறாது, அதுதான் சூட்சுமம். குறுக்குவாட்டுத் தசைகள் இறுகும்போது தண்டு மெலிகிறது. மெலிந்தால் நீண்டே ஆக வேண்டும். விட்டம் கால் பங்கு குறைந்தால் நீளம் ஏறக்குறைய 78 விழுக்காடு கூடிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: விட்டம் முக்கால் ஆனால் குறுக்குப் பரப்பு பதினாறில் ஒன்பது ஆகிறது, நீளம் ஒன்பதில் பதினாறு ஆகிறது. சின்ன இறுக்கத்துக்குப் பெரிய நீட்சி. ஊசிக் கணவாயில் அளந்தபோது இந்த வீச்சு 20 முதல் 40 மில்லி நொடிகளில் முடிந்தது. நம் கண் ஒரு முறை இமைக்கும் நேரத்தில் பலமுறை வீசிவிடலாம்.

நுனியில் உள்ள உறிஞ்சிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காம்பின் மேல் நிற்கின்றன. விளிம்பில் கடினமான புரத வளையம். ஆக்டோபஸின் உறிஞ்சிகளில் காம்பும் இல்லை, வளையமும் இல்லை. இறால் துள்ளும்போது காம்பு வளைந்து கொடுக்கும். வளையம் ஓட்டில் பதிந்து வழுக்காமல் பிடிக்கும். பிடித்ததும் பற்றுக்கை சுருங்கி இரையைக் கைகளின் நடுவே கொண்டுவந்து விடுகிறது. அதற்குமேல் பற்றுக்கைக்கு வேலை இல்லை. இரை மிக அருகில் இருந்தாலோ மெதுவாக நகர்ந்தாலோ, வீச்சே இல்லாமல் கைகளாலேயே அமுக்கிவிடும்.

கடி, நஞ்சு, அரைப்பு

கைகளின் நடுவே வாய். உள்ளே கிளியின் அலகு போன்ற, கைட்டினால் (இறால் ஓட்டில் இருக்கும் அதே கடினப் பொருள்) ஆன இரண்டு துண்டுகள். கிளியிலிருந்து ஒரு வித்தியாசம்: கிளிக்கு மேலலகு கீழலகை மூடும், கணவாய்க்குக் கீழலகு மேலலகின் மேல் படியும். அலகின் நுனி கறுத்துக் கடினமாகவும், சதையோடு சேரும் அடிப்பகுதி வெளிறி மென்மையாகவும் இருக்கும். முழுவதும் ஒரே கடினமாக இருந்தால், கடிக்கும்போது அலகு தன்னைத் தாங்கும் சதையையே கிழித்துவிடும்.

கடித்த இடத்தின் வழியே உமிழ்நீர் இறங்குகிறது. பின்னுமிழ்நீர்ச் சுரப்பிகளில் உருவாகும் நஞ்சு இறாலையும் நண்டையும் செயலிழக்க வைக்கும். இது ஆடம்பரம் அல்ல. துள்ளும் இறாலின் முட்கள் மெல்லிய கைகளையும் கண்ணையும் கிழித்துவிடும். அடக்கிய பிறகுதான் நிதானமாகத் தின்ன முடியும்.

அடுத்து ராடுலா. வரிசைக்கு ஏழு பல் என்ற கணக்கில் நுண்ணிய பற்கள் பதித்த நாடா. அரம் போல முன்னும் பின்னும் ஓடித் துண்டுகளைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. விழுங்கும் துண்டு சின்னதாக இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஓர் உடற்கூற்றுக் காரணம் இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: கணவாயின் உணவுக்குழல் மூளையின் நடுவே உள்ள துளை வழியாகப் போகிறது. மூளை ஒரு வளையம். சாப்பாடு அந்த வளையத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பெரிய கவளம் விழுங்கினால் இடிபடுவது மூளை. ஆக்டோபஸுக்கு இருப்பது போல உணவைத் தேக்கி வைக்கும் பையும் கணவாய்க்குக் கிடையாது. வயிறு நிறைந்தால் நிறைந்ததுதான். எனவே பெரிய இரையை மாட்டிக்கொண்டால் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடுவது இயல்பு. அதைப் பார்த்து உணவு பிடிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

இங்கே ஒரு தூரத்து உறவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடியோசெபியஸ் என்னும் குள்ளக் கணவாய், உடல்பை 2 சென்டிமீட்டருக்குள். முதுகில் உள்ள பசையால் கடற்புல் இலையில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இறாலைப் பிடித்ததும் தலைக்கவசமும் வயிற்றின் முதல் கண்டமும் சேரும் இடுக்கில் கடித்து, செரிமான நொதிகளை உள்ளே செலுத்துகிறது. சதை ஓட்டுக்குள்ளேயே கரைகிறது, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் இறாலின் ஓடு முழு வடிவத்தோடு, உள்ளே காலியாகக் கிடக்கும். மீன் கிடைத்தால் இந்த வித்தை அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. சதை ஒட்டிய மிச்சம் கிடக்கும்.

வயிற்றில் ஒரு விளக்கு, அதற்கும் ஒரு சாப்பாடு

யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸின் உடல்பைக்குள், அடிப்புறமாக, ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதில் விப்ரியோ ஃபிஷரி என்னும் பாக்டீரியா குடியிருந்து ஒளிர்கிறது. நிலவொளியில் நீந்தும் கணவாயைக் கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு ஒரு கறுப்பு நிழல் தெரியும். மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு இணையாக அடியில் ஒளியைக் கசியவிட்டால் நிழல் கரைந்துபோகும். ஆகவே இந்த விளக்கு இரையைக் கவர்வதற்கான தூண்டில் அல்ல. வேட்டைக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளும் போர்வை. இந்தக் குழப்பம் பல இடங்களில் தென்படுகிறது.

வாடகைக்கு இருக்கும் பாக்டீரியாவுக்கும் சோறு போட வேண்டுமே. அமினோ அமிலங்களையும், இரவில் கைட்டினிலிருந்து வரும் சர்க்கரைத் துண்டுகளையும் கணவாய் கொடுக்கிறது. விடியற்காலையில் சுமார் 95 விழுக்காடு பாக்டீரியாவை வெளியே கொட்டிவிடும். மீதி 5 விழுக்காடு பகலில் பெருகி, இருட்டுவதற்குள் உறுப்பை நிரப்பிவிடும். மணலுக்குள் பட்டினியாகக் கிடக்கும் பகல் பொழுதில் முழு விளக்கையும் ஊட்டி வளர்ப்பது வீண் செலவு. எல்லாக் குட்டைக் கணவாய்களுக்கும் இந்த விளக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ராசியா போன்றவற்றுக்கு இது கிடையாது.

தொட்டியில் வளர்த்தால்

ஆய்வகத்திலோ மீன்தொட்டியிலோ இவற்றுக்கு உணவூட்டும்போது நேரும் தவறுகள் பெரும்பாலும் மேலே சொன்னவற்றை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, பகலில் ஊட்டுவது. விளக்கு எரியும்போது போட்ட இறால் தொட்டியில் சுற்றிக்கொண்டே இருக்கும், கணவாய் மணலில் கிடக்கும். விளக்கை அணைத்து, நன்றாக இருட்டிய பிறகு இரையை விட வேண்டும். கவனிக்க வேண்டுமானால் மங்கிய சிவப்பு வெளிச்சம் போதும்.

இரண்டாவது, செத்த தீனி. அசையாத ஒன்று குட்டைக் கணவாய்க்கு உணவாகவே தெரிவதில்லை. உறைய வைத்த இறாலை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டிப் பழக்கலாம்; சில ஏற்கும், சில ஏற்கவே ஏற்காது. இதில் தனித்தனிக் குணம் உண்டு. யூப்ரிம்னா டாஸ்மானிகாவை வைத்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே இனத்துக்குள் துணிந்தவையும் கூச்சப்படுபவையும் இருப்பதைக் காட்டியது. இன்னும் சுவையான செய்தி: ஆபத்தின் முன் துணிச்சலாக இருக்கும் ஒன்று உணவின் முன்னும் துணிச்சலாக இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் தனித்தனிக் குணங்கள். எனவே பக்கத்துத் தொட்டியில் பலித்தது இந்தத் தொட்டியில் பலிக்காமல் போகலாம். உயிருள்ள இறால் கையிருப்பில் இருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் எளிய விதி: இரையின் நீளம் கணவாயின் உடல்பை நீளத்துக்குள் இருக்கட்டும். வளர்ந்த ஒன்றுக்கு இரவுக்கு ஒன்றிரண்டு இறாலில் தொடங்கி, காலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். முழு இறாலும் உயிரோடு சுற்றினால் அளவு கூடிவிட்டது, அல்லது இரை பெரிதாகிவிட்டது. ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தால் சரியாக நடக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் இன்னும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். மிச்சத்தைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். புரதம் அழுகினால் அம்மோனியா ஏறும், அதைக் கணவாய் தாங்காது. உப்பளவு ஆயிரத்துக்கு 35 என்ற கடல்நீர் அளவை ஒட்டியே இருக்கட்டும். அதன் இரத்தமே தாமிரத்தை அடிப்படையாகக் கொண்டது என்றாலும் நீரில் கரைந்த தாமிரம் அதற்குக் கொடிய நஞ்சு. மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்ட தொட்டியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

மணல் நயமாக, உடல் உயரத்தைவிட ஆழமாக இருக்க வேண்டும். கூர்மையான சரளை போட்டால் புதைய முடியாது. புதைய முடியாத கணவாய் பகல் முழுக்கப் பதற்றத்தில் நீந்தித் தீர்த்துவிட்டு, இரவில் வேட்டையாடத் தெம்பில்லாமல் கிடக்கும். உணவு மறுப்பதற்குத் தீனியைக் குறை சொல்லும் முன் மணலைப் பார்ப்பது நல்லது.

குஞ்சு வளர்ப்புதான் உண்மையான சோதனை. யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் குஞ்சு பொரித்து வரும்போது உடல்பை 2 மில்லிமீட்டர் அளவுதான். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு சில நாட்களுக்குத் தாங்கும். அதற்குள் வேட்டையாடக் கற்றாக வேண்டும். உருவில் சின்னது என்பதால் தூள் தீனியோ பாசியோ தின்னும் என்று நினைக்க வேண்டாம். பிறந்த நாளிலிருந்தே அது உயிர் தின்னும் வேட்டைக்காரன். ஏறத்தாழத் தன் அளவே உள்ள மைசிட் மேல்கூடப் பாயும். எளிதாகக் கிடைக்கிறதே என்று ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளை மட்டும் கொடுத்தால், பிடிக்கும், தின்னும், ஆனால் வளராமல் சில நாட்களில் செத்துவிடும்: ஆர்ட்டீமியாவில் கணவாய்க்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் போதாது. உயிருள்ள மைசிட்தான் நம்பகமான தொடக்க உணவு. இரை தொட்டியில் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் உயிருக்குப் பெரிய தொட்டியில் ஓர் இறாலைத் தேடிப் போவது பாலைவனப் பயணம். ஒரே தொட்டியில் அளவு வேறுபட்ட குஞ்சுகளை விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். அளவு பார்த்துப் பிரிப்பது கட்டாயம்.

இந்த விலங்கு கற்றுக்கொள்ளவும் செய்கிறது. கண்ணாடிக் குழாய்க்குள் இறாலை வைத்துக் காட்டினால் முதலில் திரும்பத் திரும்ப வீசும். எட்டாது என்று தெரிந்ததும் வீசுவதை நிறுத்திக்கொள்ளும். யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸில் செய்த சோதனையில் இந்தப் பாடம் நாள்கணக்கில் நினைவில் நின்றது. தொட்டிக்கு வெளியே, கண்ணாடிக்கு அப்பால் இரையை ஆட்டிக் காட்டி வேடிக்கை பார்ப்பது ஏன் கெடுதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

வயிற்றைத் திறந்தால் தெரியுமா?

கடலில் இது உண்மையில் என்ன தின்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது பார்ப்பதைவிடக் கடினம். மீனின் வயிற்றைத் திறந்தால் முழு இறால் கிடக்கும். குட்டைக் கணவாயின் வயிற்றில் கிடைப்பது அலகு நறுக்கி, ராடுலா அராவி, பாதி கரைந்த கூழ். ஓட்டுச் சில்லு, கண்ணின் ஒரு துண்டு, மீனாக இருந்தால் ஒரு செதில் ஆகியவற்றை நுண்ணோக்கியில் தேடித்தான் ஊகிக்க வேண்டும். ஓட்டை உதறிவிட்டுச் சதையை மட்டும் தின்றிருந்தால் அந்தத் தடயமும் இல்லை. அதனால் பழைய கணக்குகளில் கடினமான ஓடுள்ள இரை கூடுதலாகவும் மென்மையானது குறைவாகவும் தெரிய வாய்ப்புண்டு. இப்போது கூழில் உள்ள டி.என்.ஏ.வைப் படிப்பது, உடல் திசுவின் கொழுப்பு அமிலங்களையும் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளப்பது ஆகியவை இதற்குத் துணை நிற்கின்றன. ஐசோடோப்பு வழியாக எதிர்பாராத ஓர் உணவும் தெரியவந்தது. செபியாடேரியம் ஆஸ்ட்ரினம் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கணவாயின் பெண், ஆண் கொடுத்த விந்துப் பொட்டலங்களில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. கார்பன்-14 கொண்டு குறியிட்டுப் பார்த்தபோது, தின்ற சத்து அதன் உடலுக்கும் முட்டைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இது 2013-இல் வெளியானது.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாக இருந்தும், இதுவரை நன்றாகத் தின்ற பெண் கணவாய் ஒன்று முட்டைகளை இட்டுவிட்டு இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடந்தால், நீரை மாற்றுவதிலும் தீனியை மாற்றுவதிலும் பயன் இருக்காது. அது நோயல்ல, முதுமை. சில நாட்களில் முடிந்துவிடும். அதற்குள் முட்டைக் கொத்துகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மைசிட் வளர்ப்பைத் தொடங்கிவிட வேண்டும்; குஞ்சுகள் வெளியே வந்த பிறகு தீனி தேடினால் மஞ்சள்கரு தீரும் முன் கிடைக்காது.